ஒட்டினதே தெரியாது

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் 'மாப்பிள்ளை' என்ற சொல்லை எடுக்க மாட்டார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஆடி ஆகாத மாதமாக இருக்கலாம். பெண்களுக்கு அது கோடை விடுமுறை மாதிரி.

பல்லடத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்கள், "ஆடி கழியட்டும், ஆவணியில வந்து உறுதி பண்ணிக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பையன் நூல் மில்லில் மேனேஜர். நல்ல மனிதர்தான். காபி குடித்த டம்ளரை அவரே எழுந்து போய்ச் சமையலறையில் வைத்தார். ஆனால் கல்யாணம் ஆனதும் நான் கடையை மூடிவிட்டுப் பல்லடம் போக வேண்டும். அதற்கு நான் மாட்டேன் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அம்மா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

இன்றைய வேலை: பள்ளிக்கூட வேன் ஒன்று, கோழி வண்டி இரண்டு. காற்று ஆரம்பித்துவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துத்தான் ஒட்ட வேண்டியிருக்கிறது. ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு மண் துகள் போனாலும் என் மானம் போய்விடும்.

ஜூலை 18, செவ்வாய்

இன்று கடைக்கு ஒரு பைத்தியம் வந்தது.

இந்த உடுமலையில் ஆறு வருடமாக ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். லாரி, கார், ஸ்கூட்டி, ஹெல்மெட், கல்யாண வீட்டு ஃபிரிட்ஜ் வரைக்கும் ஒட்டியிருக்கிறேன். வருகிற எல்லோரும் ஒட்டத்தான் வருவார்கள். வெறுமனே கிடக்கும் இடத்தைப் பார்த்தால் மனிதனுக்குக் கை அரிக்கிறது, அந்த அரிப்பில்தான் என் சாப்பாடு. இந்த ஆள் மட்டும் ஒரு புத்தம்புதுக் கிட்டாரைக் கொண்டுவந்து மேசைமேல் படுக்கவைத்து, "இதுல ஒட்டியிருக்கறதை உரிச்சுத் தரோணுங்க" என்றார்.

கிட்டாரின் நடுவில் வட்டமாக ஓட்டை. அதற்குக் கீழே, மாங்காயைப் பாதியாக அரிந்து கவிழ்த்தது போலக் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் தகடு. அதற்குப் பெயர் பிக்கார்டாம். தந்தியை மீட்டும்போது நகம் பட்டு மரம் கீறிப் போகாமல் இருக்க ஒட்டுவதாம்.

"ஏனுங்க, நல்லாத்தானே இருக்குது?"

"எங்கீங்க நல்லா இருக்குது? நல்ல மூஞ்சியில பிளாஸ்திரி போட்டாப்புல."

"எனக்கு மூக்குத்தி போட்டாப்புலத் தெரியுது."

"மூக்குத்தி இத்தாச்சோடு பெருசா இருக்குமுங்களா? இது பாதி மூஞ்சியை மறைக்குது."

நான் விடவில்லை. கீறல் விழுந்தால் மூஞ்சி இன்னும் மோசமாகிவிடுமே என்றேன். மரம் என்றால் கீறல் விழத்தான் செய்யும், வாசித்த தடம் தெரிவதுதான் அழகு என்றார். கோயமுத்தூரில் கிட்டார் வாங்கின கடையிலேயே கேட்டாராம், தகட்டோடு வார்னிஷும் பெயர்ந்து வரும் என்று கையை விரித்துவிட்டார்களாம்.

"பைக் டேங்க்குல எழுதின பழைய ஆளோட பேரைத் தடமே இல்லாம எடுக்கறவங்க உடுமலையில ஒருத்தங்கதான்னு சொன்னாங்க. அதுதான் வந்தனுங்க."

அது உண்மை. அந்த வேலைக்கு நிறையப் பேர் வருகிறார்கள், முக்கியமாகக் கல்யாண மாதங்களில். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். உரிக்கவா வருகிறார், உரிக்க!

ஜூலை 19, புதன்

உரித்தேன். ஹீட் கன்னை ஒரு முழம் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டி, தகட்டுக்கு அடியில் தூண்டில் நரம்பை விட்டு, சின்னக் குழந்தைக்குச் சொக்காய் கழற்றுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். வார்னிஷுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இங்கே யாரும் படிக்கப் போவதில்லை. தகடு போனதும் அந்த மரம் அழகாகத்தான் இருந்தது. வெண்ணெய் நிறம். மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடுகள், எங்கேயும் தடங்கல் இல்லாமல் ஓடின. நான் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் எனக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்கே நகத்தால் வரட்டு வரட்டென்று கீறி வைப்பார். பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டுகிற கண்ணாடி ஃபிலிம் ரோலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தக் கறுப்புத் தகட்டையே அச்சாக வைத்து வெட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்து, அதே இடத்தில் ஒட்டிவிட்டேன். ஓரம்கூடத் தெரியவில்லை. என் கடையில் ஸ்டிக்கருக்கு அடியில் காற்று மாட்டிய பபுள் என்ற பேச்சே கிடையாது. 'ஒட்டினதே தெரியாது' என்று போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அவரிடம் சொல்லவில்லை. கடையில் கூட்டமாக இருந்தது. அதாவது, பக்கத்து ஜெராக்ஸ் கடை அகிலாண்டம் அக்கா இருந்தார். பில்லிலும் அதைச் சேர்க்கவில்லை. மிச்சத் துண்டுக்கு என்ன பில் போடுவது?

அவர் கிட்டாரை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, கட்டை விரலால் தடவி, ரொம்ப நேரம் பார்த்தார். மரத்தின் அழகில் ஆளே சொக்கிப்போனார் பாவம். கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்து, "அருமைங்க" என்று சிரித்தார்.

கறுப்புத் தகட்டைக் குப்பையில் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். டிராயரில் இருக்கிறது.

ஜூலை 21, வெள்ளி

யாரும் வரவில்லை. மூன்று லாரியும் ஒரு தண்ணீர் வண்டியும் வந்தன. அதைச் சொல்லவில்லை.

ஜூலை 24, திங்கள்

வந்தார். கிட்டார்ப் பெட்டிக்குப் பெயர் ஒட்ட வேண்டுமாம்.

"என்ன பேருங்க போடோணும்?"

"நாச்சிமுத்து."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. முப்பது வயது, கையில் கிட்டார், பெயர் நாச்சிமுத்து!

"சிரிங்க, சிரிங்க. எங்க பெரியவரு பேரு. காலேஜ்ல பூராப் பேரும் நாச்சு நாச்சுன்னுதான் கூப்பிடுவாங்க. உங்களுக்கென்ன, கார்த்திகான்னு லட்சணமா வெச்சுட்டாங்க."

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. கார்த்திகா என் பெயர் இல்லை, 'கார்த்திகா ஸ்டிக்கர்ஸ்' என்ற போர்டு முன்னால் கடை வைத்திருந்தவர் விட்டுப்போனது, ஊர் என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது, நானும் திருத்தவில்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஊரில் எல்லோருடைய பெயரையும் வெட்டித் தருகிறேன், என் பெயரை ஒரு போர்டுக்குக்கூட வெட்டியதில்லை. இதையெல்லாம் எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அப்ப உங்க பேரு?"

"இன்பவல்லி."

அவர் சிரிக்கவில்லை. "முழுசாக் கூப்பிடலாமுங்களா?" என்று கேட்டார். என்னை யாரும் முழுசாகக் கூப்பிடுவதில்லை, அம்மாகூடக் கோபம் வந்தால்தான். கூப்பிடுங்க, எனக்கென்ன என்றேன்.

பூளவாடிப் பக்கம் காற்றாலையில் டெக்னீஷியன் வேலையாம். நாச்சிமுத்து என்று மஞ்சளில் வெட்டிக் கறுப்பில் ஓரம் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது. வெட்டும்போது ஒரு 'மு' வீணாகிவிட்டது. அதை என் டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டினேன். ஸ்டிக்கர் வினைலை வீணாக்கக் கூடாது.

ஜூலை 26, புதன்

இன்று கடையில் தேர்தல் நடந்தது.

பிக்கார்டு இருந்தால் அழகா, இல்லாவிட்டால் அழகா என்று எங்களுக்குள் பேசி முடிகிற மாதிரி இல்லை. "ஊரைக் கேப்போமுங்க" என்றார். கேட்போம் என்று டிராயரைத் திறந்து கறுப்புத் தகட்டை எடுத்தேன். குப்பையில் போட்டது டிராயரிலிருந்து எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு ஞாபக மறதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவர் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் தகட்டை வைத்து வைத்து எடுத்துக் காட்டினேன். ஆட்டோ ஸ்டாண்டு முழுவதும் என் பக்கம். "வெறும் வண்டியை ரோட்டுல எறக்குவமா அம்மிணி?" என்றார் ரங்கசாமி அண்ணன், அவருடைய ஆட்டோவில் கண்ணாடியைத் தவிர மற்ற இடமெல்லாம் நான் ஒட்டியது. பழனி பஸ் கண்டக்டர் நாச்சிமுத்து பக்கம். எதிர்க் கடைக்கு வளையல் வாங்க வந்த இரண்டு பெண்கள், தகட்டை மேலே ஓட்டைக்கு அந்தப் பக்கம் வைத்தால் என்ன என்று கேட்டார்கள். அகிலாண்டம் அக்கா ஓட்டே போடவில்லை.

"எனக்குக் கிட்டாரே கண்ணுல தெரியல சாமி, புடிச்சிருக்கற ரெண்டு பேரு மூஞ்சியும்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார். வயதானால் பார்வை மங்கத்தான் செய்யும்.

தகட்டை வைக்கும்போதெல்லாம் அடியில் இருக்கும் ஃபிலிம் தெரிந்துவிடுமோ என்று ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். தெரியவில்லை. நல்ல வேலை என்றால் அதுதான்.

ஜூலை 30, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆனால் பாக்கி வேலை இருந்ததால் திறந்தேன். அந்த வழியாகப் போனதாக அவரும் வந்தார். பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கி வந்திருந்தார், இரண்டு பேருக்கு. அந்த வழியாகப் போகிற ஆள்!

கிட்டாரை எடுத்துக் காட்டினார். "பாருங்க இன்பவல்லி, தெனமும் வாசிக்கறேன். ஒரு கீறல் இருக்குதுங்களா? பிக்கார்டு எதுக்குங்க? எல்லாம் கை பதத்துலதான் இருக்குது. என் கை அப்பேர்ப்பட்ட கை."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்து பன் புரையேறிவிட்டது. உங்கள் கைப் பதம் இல்லை சாமி, என் ஃபிலிமின் பதம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையிலேயே நம்புகிறார் போலிருந்தது. உதட்டு ஓரத்தில் மட்டும் ஏதோ துடித்தது. கொசு கடித்திருக்கும்.

வேலையைப் பற்றிக் கேட்டேன். ஆடியில்தான் காற்றாலைக்குத் திருவிழாவாம். றெக்கையில் அடி விழுந்தால் உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு போய்ச் சரிபண்ண வேண்டுமாம்.

"காத்துல மண்ணும் மழையும் அடிச்சு றெக்கை ஓரமெல்லாம் அரிச்சுப் போயிருமுங்க. அது ஆகாம இருக்க, மேல கண்ணாடியாட்ட ஒண்ணு..."

"கயித்துலயா தொங்குவீங்க?"

"ஆமாங்க. தொங்கிட்டே அந்தக் கண்ணாடி..."

"கயிறு அறுந்துச்சுன்னா?"

கண்ணாடியோ கிண்ணாடியோ, கயிற்றில் தொங்குகிறார் என்ற இடத்திலேயே என் காது நின்றுவிட்டது. இரண்டு கயிறு உண்டு, ஒன்று போனாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும் என்று அவர் சொன்ன பிறகுதான் மிச்ச பன்னைச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பெருக்கு. அம்மாவும் நானும் அகிலாண்டம் அக்காவும் கலவை சாதம் கட்டிக்கொண்டு திருமூர்த்தி அணைக்குப் போனோம். காற்றாலைக்காரர்களும் வந்திருந்தார்கள். மரத்தடியில் கிட்டார். ஏதோ பழைய பாட்டு. கூட வந்தவர்கள் சுருதியே இல்லாமல் பாடினார்கள், ஆனால் கிட்டார் மட்டும் நடுவில் தனியாகக் கேட்டது. எனக்கு அந்தப் பாட்டில் ஒரு வரிகூட இப்போது நினைவில்லை. அந்தக் கை மேலும் கீழும் போனதுதான் நினைவிருக்கிறது. ஃபிலிம் ஓரம் தூக்காமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதைப் பார்த்தேன்.

அவர் வந்து அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். நான் இலையில் எலுமிச்சைச் சாதம் வைத்துக் கொடுத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டாள்.

"யாரம்மிணி அந்தப் பையன்?"

"கஸ்டமர்."

"கஸ்டமருக்கா அத்தனை முந்திரிப் பருப்பைப் பொறுக்கிப் பொறுக்கி வெச்சே?"

ஜன்னலைத் திறந்தேன். காற்றில் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

இன்று மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டோம்.

எங்கள் பக்கம் இது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்பு அரளியை ஒரு இலையிலும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு, ஏதும் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆகட்டும், சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணப் பேச்சுக்குத்தான் ஆடியில் தடையே தவிர, ஆத்தாளைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தடை இல்லையாம். பல்லடத்து சம்பந்தத்தைக் கொண்டுவந்த பெரியம்மாதான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தார்.

அம்மா கண்ணை மூடினாள். சும்மா நிற்பானேன் என்று நானும் மூடினேன். என்ன கேட்பது? எனக்குக் கேட்க என்ன இருக்கிறது? ஆத்தா, அந்தக் கிட்டாருக்குப் பிக்கார்டு இருந்தால் அழகா, இல்லாவிட்டால் அழகா? வெறுமனே இருக்கலாம் என்றால் வெள்ளை கொடு, இருக்க வேண்டும் என்றால் சிவப்புக் கொடு. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

குழந்தை எடுத்த பொட்டலத்தில் வெள்ளை. பெரியம்மா குலவை போடாத குறை.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. ஒரு கிட்டார் விஷயத்தில் தோற்றுப்போனதற்கு இப்படியா அழுவார்கள்? கற்பூரப் புகை என்று சொன்னேன். கற்பூரம் இன்னும் ஏற்றவே இல்லை என்றாள் அம்மா. பிறகு வழியெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 5, சனி

கண் வீங்கியிருக்கிறது. காற்று. தூசி.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வந்தார். கம்பெனி ஜீப்புக்கு நம்பர் ஒட்ட வேண்டுமாம். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நம்பரை ஒட்டினேன், பில்லைக் கொடுத்தேன்.

"என்னுங்க இன்பவல்லி, ஒடம்பு சரியில்லீங்களா?"

"ஆவணியில கடையை மூடறனுங்க. பல்லடத்துல முடிவாயிருச்சு. ஆத்தாளும் பூக் குடுத்துட்டா."

அவர் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். அப்புறம் வாசலில் போன கோழி வண்டியைப் பார்த்தார்.

"நீங்க என்னுங்க சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நான் எதுவும் சொல்லலீங்க."

"அதுதானுங்க கேக்கறேன்."

நான் பில் புத்தகத்தை எடுத்து டிராயரில் வைத்தேன். அவர் ஜீப்பிலிருந்து கிட்டார்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். காற்று அதிகமாகிவிட்டது, றெக்கை வேலை நிறையக் கிடக்கிறது, சைட்டிலேயே தங்க வேண்டும், அதுவரை இது இங்கே இருக்கட்டும் என்றார். சரி என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

எனக்கு இது ஒரு வியாதி. எதற்கும் வாயைத் திறந்து சொல்வதில்லை, அப்புறம் ஊர் சொன்னதைப் போர்டில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, புதன்

ஆத்தா வெள்ளை கொடுத்துவிட்டாள். அப்படியென்றால் கிட்டார் வெறுமனேதான் இருக்க வேண்டும். ஃபிலிமையும் உரித்து, அவர் கேட்டபடி கொடுத்துவிட்டால் எல்லாம் சுத்தமாக முடிந்துவிடும். இதை யோசித்துக்கொண்டே ஹீட் கன்னை ஆன் பண்ணினேன். ஆஃப் பண்ணினேன். மறுபடி ஆன் பண்ணினேன். அகிலாண்டம் அக்கா எட்டிப் பார்த்து, "ஏம்புள்ள, கரண்ட்டு போய்ப் போய் வருதா?" என்றார்.

உரிக்க முடியவில்லை. கை போகவில்லை.

சரி, கடைசியாக ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று கிட்டாரை வெளிச்சத்தில் சாய்த்தேன். அட கெரகமே! கீழ் ஓரத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு பபுள்! என் கையால் ஒட்டியதில்! ஆறு வருடத்தில் ஒரு லாரிக்குக்கூட நான் பபுள் விட்டதில்லை. அன்று எங்கே பார்த்துக்கொண்டு ஒட்டினேனோ தெரியவில்லை.

நல்லவேளை, அவர் பார்க்கவில்லை. ஊசியால் மெல்லக் குத்தி, காற்றை வெளியேற்றி, நகத்தில் துணியைச் சுற்றி நீவிவிட்டேன். போயே போய்விட்டது. மானம் தப்பியது. பல்லடத்துக்குப் போனாலும் பபுள் விட்டவள் என்று பெயர் வராது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் அம்மா, மறுபடியும் பூக் கேட்க வேண்டும் என்றாள். பெரியம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "போன வாரம் எனக்கு மனசு ஒரு நெலையில இல்ல. சாமிகிட்டக் கேக்கறதைச் சரியாக் கேக்கோணுமல்லொ" என்று அம்மா விடாப்பிடியாக நின்றாள். பொட்டலங்களை அம்மாவே மடித்தாள். நான் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. எனக்கு இனிக் கேட்க ஒன்றும் இல்லை, தெரிந்துதான் இருந்தது. வேண்டாம், வேண்டாம், பல்லடம் வேண்டாம் ஆத்தா என்று நெஞ்சு அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

சிவப்பு வந்தது.

"ஆத்தாளே வேண்டாம்னுட்டா. அவங்களுக்குச் சொல்லிருங்கக்கா, நம்ம கையில என்ன இருக்குது" என்று அம்மா பெரியம்மாவிடம் சொன்னாள், கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்து பூக்கூடையைக் கவிழ்த்தேன். எடுக்காத பொட்டலம் அடியில் கிடந்தது. பிரித்தேன். அதிலும் அரளி. சிவப்பு அரளி.

சமையலறை வாசலில் போய் நின்றேன். "அம்மா, ரெண்டுலயும் செவப்பு."

"அப்பிடியா? வெள்ளைப் பூ எங்கியும் கெடைக்கல." அம்மாவின் தலையில் இரண்டு முழம் மல்லிகை இருந்தது.

"ஆத்தாகிட்டப் பொய் பண்ணலாமா?"

"போன வாரம் ஆத்தாளைக் கேட்டேன். இந்த வாரம் ஊருக்குச் சொன்னேன். ஊருக்கு ஒரு காரணம் சொல்லோணுமல்லொ?" அம்மா அடுப்பை நிறுத்தினாள். "நீ வாயைத் தொறந்து சொல்லியிருந்தா எனக்கு இத்தனை பாடு எதுக்குடி? இருபத்தொம்பது வயசு ஆகுது, டிபன் பாக்ஸ் மூடியில யாரு பேரோட எழுத்தையோ ஒட்டிட்டுத் திரியறே. நான் தெனமும் அதைத்தான் கழுவறேன்."

"அப்ப போன வாரம் வெள்ளை வந்துதே?"

"நீயுந்தான் கண்ணை மூடி என்னமோ கேட்டே. அது உனக்கு வந்ததா இருக்கும்."

நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், ரசம் பொங்கி வழிந்தது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். எனக்கு நாச்சிமுத்துவைப் பிடித்திருக்கிறது. ஜூலை பதினெட்டிலிருந்தே பிடித்திருக்கிறது. பிக்கார்டாவது கிக்கார்டாவது!

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காற்று. ஊர் முழுவதும் காற்று. இரண்டு கயிறு இருக்கிறது, இரண்டு கயிறு இருக்கிறது.

ஆகஸ்ட் 16, புதன்

வந்துவிட்டார். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, தலை நிறையப் புழுதி. கிட்டாரைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பல்லடம் இல்லை என்று சொல்ல வேண்டும், ஃபிலிம் ஒட்டியதைச் சொல்ல வேண்டும், மற்றதைச் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்று நான் மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருக்க, அவர் கிட்டாரை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, இங்கிருந்த பபுள் எங்கீங்க?"

"எந்தப் பபுளு?"

"இந்த ஓரத்துல ஒண்ணு இருந்துச்சல்லங்க, கடுகாட்ட..." சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யாருக்கோ நம்பர் வெட்டிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினேன்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொத நாளே தெரியுமுங்க. றெக்கை ஓரத்துல நாங்க ஒட்டறதும் இதேதானுங்களே. அன்னைக்குச் சொல்ல வந்தேன், நீங்க கயிறு கயிறுன்னு கத்துனீங்க."

"அப்ப, 'என் கை அப்பேர்ப்பட்ட கை'ன்னு..."

"நீங்க புரையேறுனதைப் பாக்கறதுக்குத்தானுங்க."

எனக்கு வந்த கோபத்துக்குச் சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் முகத்தில் இரண்டு தடவை அடித்தேன். புழுதி கோடு கோடாக வழிந்தது. துடைக்காமல் நின்று சிரித்தார்.

"பிக்கார்டே வேண்டாம்னு வந்த ஆளுதானே நீங்க? ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உரிச்சிருப்பீங்க. பில்லுலயும் போடாம, கேக்காம, ஒருத்தங்க நமக்கு ஒண்ணு ஒட்டி உட்டிருக்காங்க. அது எதுக்குன்னு தெரியற வரைக்கும் வந்து போயிட்டு இருக்கலாம்னு நெனச்சனுங்க."

போர்டில் எவள் பெயரோ இருக்கட்டும், வாய் என்னுடையது. திறந்தேன்.

"பல்லடம் இல்லீன்னு ஆயிருச்சுங்க. எனக்கு உங்களைப் புடிச்சிருக்குது. நெம்பப் புடிச்சிருக்குது."

அவர் கிட்டாரை மெதுவாக மேசைமேல் வைத்தார். "முதல்ல அந்தப் போர்டை மாத்துங்க இன்பவல்லி" என்றார்.

"பேரையா?"

"பேரையுந்தான். அதுக்குக் கீழ ஒட்டினதே தெரியாதுன்னு போட்டிருக்கீங்களே, அதையும். நெம்ப நல்லாத் தெரியுதுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் நின்றுபோயிருந்தது. "அப்பாடா" என்று அகிலாண்டம் அக்காவின் குரல் கேட்டது. அப்புறம்தான் மெஷின் மறுபடி ஓடியது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஆவணி மூன்று. அவரும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். நான் காபி கொண்டுபோனேன், பாதி தட்டில் சிந்தியது. பெரியம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தோம். முறைத்துக்கொண்டே வந்து, இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டுச் சமாதானமாகிவிட்டார். பெரியவர்கள் பேசுவதையெல்லாம் பேசினார்கள். கடை மூடுகிற பேச்சே எழவில்லை. எழுந்திருந்தால் இந்தத் தடவை நானே பதில் சொல்லியிருப்பேன்.

அவரை வாசிக்கச் சொன்னார்கள். பெட்டியைத் திறந்து கிட்டாரை வெளியே எடுத்ததும் அம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். ஓட்டைக்குக் கீழே அந்த இடத்தை விரலால் தொட்டாள். ஃபிலிம் தட்டுப்பட்டுவிடுமோ என்று நாங்கள் இரண்டு பேரும் அந்த விரலையே பார்த்தோம்.

"ஏந்தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்குது. இந்த எடம் மட்டும் மொட்டையா இருக்குதே? ஸ்டிக்கர் கடைக்காரி ஊட்டுக்கு வாரீங்க, ஒரு பூவாச்சும் ஒட்டக் கூடாதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"என்ன கலருங்க அத்தை?" என்று அவர் கேட்டார்.

"செவப்புத்தான்" என்றாள் அம்மா, சிரிக்காமல்.

நாளைக்குக் கடையில் முதல் வேலை: சிவப்பு வினைல், அரளிப் பூ ஒன்று. பபுள் இல்லாமல்.